அவிழ்க்கக் கூடாத துணி

பக்கத்துல ஆளு வருதா? வரலல்லா? அப்ப இருக்கேன். ஒங்க மடியில அந்த டப்பாவத் தொறந்ததுமே தெரிஞ்சிட்டு, எலுமிச்சம்பழச் சோறு. மணத்த வச்சே நம்ம ஆளுன்னு கண்டுபிடிச்சிட்டேன். எந்த ஊரு? ஈரோடா? நல்லதாப் போச்சு. டப்ளின் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தா எனக்கு வெடிச்சிரும். இங்கிலீஷுல எனக்கு வேலதான் பாக்கத் தெரியும், அழத் தெரியாது.

காலப் பாக்காதிய. அது அஞ்சு நாளு நடந்த காலு. கடைசி ஆறு கிலோமீட்டரு செருப்பில்லாம, இந்த மழையில, கல்லுல. இன்னைக்கி மத்தியானந்தான் முடிஞ்சிது. முடிஞ்சிதுன்னா சொன்னேன்? என்னத்த முடிஞ்சிது. நம்ப வச்சி கழுத்த அறுத்துட்டாம்மா. பதினேழு வருசம் ஒரே தட்டுல தின்னவ.

தெக்ளான்னு பேரு. நான் மணப்பாடு, அவ உவரி, ஒரே கடக்கரதான். என் பேரு அமலோற்பவம், அமலின்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரரு கப்பல்ல இருந்தாரு. எங்க மக ஜெனோவாவுக்கு ஒம்பது வயசுல அவரு தவறிட்டாரு. அந்த வருசமே பிள்ளையத் தூக்கிட்டு இந்த நாட்டுக்கு நர்ஸா வந்துட்டேன். வந்த எடத்துல, அதே முதியோர் இல்லத்துல, அதே ஷிப்டுல இவ. கடல்ல முங்குனவளுக்கு கட்டுமரம் கெடச்ச மாதிரி இருந்துச்சு. ஜெனோவாவ அவளச் சித்தின்னு கூப்பிட வச்சதே நான்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நைட்டு டூட்டி பாத்து அந்தப் பிள்ளைய வளத்தோம்.

என்னமோ சொல்ல வந்தியளா? இருங்க, இத முடிச்சிருதேன். விட்டா தொடர்ச்சி போயிரும்.

மூணு மாசத்துக்கு முந்தி ஜெனோவா வீட்டுக்கு வந்திருந்தா. டப்ளின்லதான் வேல பாக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம வாரவ. அன்னைக்கி பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு போன்ல குசுகுசுன்னு பேசுதா. "புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்துருதேன்"னு இங்கிலீஷுல. வெளிய வந்தா கண்ணு செவந்து கெடக்கு. யாருளான்னேன். யாருமில்லன்னுட்டா. அதோட சரி, ஞாயித்துக்கிழமை வாரதும் நின்னு போச்சு. வேல இருக்கு, தலவலி இருக்கு, மழ பெய்யுது. இந்த ஊர்ல மழ பெய்யுதுன்னு வரலையாம்!

இருபத்தாறு வயசுப் பிள்ள கதவச் சாத்திக்கிட்டு பேசுனா என்ன அர்த்தம்? ஒரு பய இருக்கான்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? வெள்ளக்காரப் பயலாத்தான் இருக்கணும், நம்மாளா இருந்தா இந்நேரம் யாராவது வந்து சொல்லியிருப்பாங்க. ஜெபிக்கலாம்னு பாத்தா பேரு தெரியல. மாதாகிட்ட போயி அந்தப் பயல வெலக்கி விடும்மான்னா, எந்தப் பயன்னு அவ கேக்க மாட்டாளா? அதனால நானே கெவின்னு வச்சிட்டேன். மூணு மாசமா ஜெபமால சொல்லி, கெவினு எங்க பிள்ளைய விட்டுப் போயிரணும், கெவினுக்கு வேற ஊர்ல வேல கெடைக்கணும். நல்ல வேலையாவே கெடைக்கட்டும், எனக்கு அவன் மேல என்ன விரோதம்?

அப்பதான் இந்த நடைபயணத்துக்கு ஆள் சேக்காங்கன்னு கேள்விப்பட்டேன். வெள்ளக்காரங்க வருசந்தோறும் நடக்காங்க. ஒரு நாளு வட்டமா நட்டு வச்ச கல்லு, ஒரு நாளு கூரையில்லாத மடம், ஒரு நாளு ரெண்டாளு ஒசரத்துக்கு கல்லுச் சிலுவ. எல்லாம் கிறிஸ்து பொறக்கதுக்கு முந்தியே இந்த நாட்டுப் பழைய கெல்டிக் ஆளுக கும்பிட்ட எடமாம். பெறவு சாமியாருக வந்து, எடத்த மாத்தாம சாமிய மட்டும் மாத்திட்டாங்கன்னு மோரின் சொல்லுவா. மோரின்தான் எங்கள நடத்திக் கூட்டிட்டுப் போனவ. எழுபது வயசு. ஆட்டுக்குட்டி மாதிரி மேட்டுல ஏறுவா, சவம், நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

கடைசி நாளு பிரிஜித் அம்மா கிணறு, இந்த நாட்டுப் புனிதை அவ. கிணறுன்னா நம்ம ஊரு கிணறு இல்ல, பாறையடியில ஒரு ஊத்து. பக்கத்துல ஒரு முள்ளு மரம். அதுல பூரா துணி. ஒங்க பக்கம் கோயில் மரத்துல மஞ்சத் துணி முடிவாங்கல்லா, எங்க பக்கம் பிள்ள வரம் கேட்டு தொட்டில் கட்டுவாங்க, அந்த மாதிரி. ஆனா இங்க ஒரு மொறை இருக்கு. நோவு உள்ளவங்க ஒடம்புல பட்ட துணியா இருக்கணும். ஊத்துத் தண்ணியில நனைச்சிக் கட்டணும். துணி மக்க மக்க நோவும் மக்கிரும். இதெல்லாம் மோரின் மொத நாளே ஒக்கார வச்சி சொன்னா. இன்னும் ஒண்ணும் சொன்னாளாம். அது எனக்குக் காதுல விழல. அந்நேரம் நான் பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்ட கெவினப் பத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன்.

தெக்ளாவ நான்தான் இழுத்துட்டுப் போனேன். "வாளா, எனக்குத் தொணைக்கி வா, ஒனக்கும் புண்ணியம்"னேன். வாய்ல வார்த்த இல்லாம வந்தா. அப்பவே எனக்குப் பொறி தட்டிருக்கணும். நாலு நாளும் நான் கெவினு கெவினுன்னு பொலம்பிட்டே நடக்கேன், அவ ம் ம்னு கேட்டுக்கிட்டே வாரா. "அப்பிடி ஒருத்தன் இல்லாம இருந்தா?"ன்னு ஒரு தடவ கேட்டா. "இல்லாமலா பிள்ள மூஞ்சி இப்பிடி வாடிப் போச்சு"ன்னேன். அவ குனிஞ்சி செருப்பு வாரச் சரி பண்ணுனா. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதாம்மா.

இன்னைக்கி காலையில நான் செருப்பக் கழட்டிட்டேன். அவளும் கழட்டுனா. அவளுக்கு நேர்ச்ச ஒண்ணும் இல்லையே, அவ என்னத்துக்குக் கழட்டணும்? நான் கேட்டேன், ஒனக்காகத்தான்னா. அய்யோ, நம்மளுக்காக இப்பிடி ஒருத்தியான்னு எனக்கு அழுகையே வந்துட்டு. கேட்டுக்கிடுங்க, அழுதேன் நான்!

ஊத்தச் சுத்தி ஏழு சுத்து. வலமாத்தான் சுத்தணும், நம்ம சப்பரம் சுத்துற மாதிரி. கையில ஏழு கூழாங்கல்லு, சுத்துக்கு ஒண்ணு கீழ போடணும். நான் ஏழு சுத்தும் சுத்தி, என் சேலையில கிழிச்ச துண்ட நனைச்சி மரத்துல கட்டுனேன். மோரின் வந்து தடவிப் பாத்துட்டுச் சிரிக்கா. "அமலி, இது பாலியஸ்டரு, ஊழிக் காலம் வரைக்கும் மக்காது"ங்கா. அப்ப கெவினு போவ மாட்டானான்னு எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. தெக்ளா, "நீ போயி டீ குடி அமலி, நான் சுத்து முடிச்சிட்டு வாரேன்"னா. எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கத் தொறந்துட்டாங்க. நானும் போனேன். போயி ஒக்காந்த பெறவுதான், செருப்புப் பைய மரத்தடியிலயே வச்சிட்டு வந்துட்டோம்னு திரும்பிப் போறேன்.

போனா, இவ எக்கி நின்னு ஒசரக் கொப்புல ஒரு துணியக் கட்டுதா.

மஞ்சத் துணி. சின்னச் சின்ன ரோஸ் பூ. ஓரத்துல நீல நூலு ஓடி வந்து பாதியில சேப்பு நூலாயிருக்கு. ஏம்மா, அது என் தையலு. தூத்துக்குடியில எடுத்த காட்டன் துணி, போன கிறிஸ்மசுக்கு ஜெனோவாவுக்கு நைட்டி தைச்சிக் குடுத்தேன். நீல நூலு தீந்து போயி சேப்பக் கோத்து ஓரம் அடிச்சேன். ஒலகத்துல அப்பிடி ஒரு துணிதான் உண்டு.

ஓஹோ, கத இப்பிடிப் போவுதா! கெவினு போவணும்னு நான் இங்க வெறுங்காலா நடக்கேன், கெவினு கெடைக்கணும்னு என் மக இவ கையில துணி குடுத்து விட்டிருக்கா. ஒரே மரத்துல, ஒரே சாமிகிட்ட, தாய்க்கு எதிரா மகளுக்காக மனு! கூட இருந்தே குழி பறிச்சிருக்கா. நேரா போனேன், கொப்ப வளைச்சேன், அந்தத் துணிய ஒரே இழுப்பு. முள்ளு கிழிச்சி கையெல்லாம் ரெத்தம்.

"அமலி! நோ!"ன்னு ஒரு கத்து. தெக்ளா இல்ல, மோரின். அந்தக் கெழவி அப்பிடிக் கத்தி நான் பாத்ததில்ல. கூட நடந்த பதினோரு பேரும் டீக்கப்போட நிக்காங்க. மோரின் ஓடி வந்து என் கையப் புடிச்சா. "அடுத்தவங்க துணிய அவுக்கக் கூடாதுன்னு சொன்னேனே! அவுத்தவங்களுக்கு அந்த நோவு வந்துரும்னு சொன்னேனே!"ங்கா.

"என்ன நோவு? காதலுதான நோவு? எனக்கு அம்பத்திரெண்டு வயசு, அது வந்தா வரட்டும்"னு நான் தமிழ்ல சொல்லுதேன், மோரினுக்கு என்ன புரியும். தெக்ளாதான் அந்த ஈரக் கல்லுலயே தொப்புன்னு ஒக்காந்துட்டா. "அமலி, அது காதலு இல்ல"ன்னா.

கட்டியாம்மா. மார்புல. எடது பக்கம்.

புதன்கிழமை பதினோரு மணி ஆஸ்பத்திரியாம். மூணு மாசமா ஸ்கேனு, காத்திருப்பு, மறுபடி ஸ்கேனு. நாங்க நடக்கக் கெளம்புறதுக்கு முந்தின புதன்கிழமை ஊசி வச்சி சதை எடுத்து சோதனைக்கி அனுப்பிருக்காங்க. வார செவ்வாக்கிழமை ரிசல்ட்டு. கெவினும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இல்லாத பயலுக்கு எதிரா அஞ்சு நாளு நடந்திருக்கேன். சொந்தச் செலவுல சூனியம் வச்சிக்கிட்டேன்.

நான் அழுதேன்னு நெனைக்கியளா? அழல. "எத்தன நாளா தெரியும் ஒனக்கு?"ன்னு கேட்டேன். "மொத நாள்ல இருந்து"ன்னா. "ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன், கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்"னா. சொல்லுங்க, எந்தத் தாய்க்குத் தாங்கும்? நான் ஊருக்குப் போன் போட்டு என் பல்லு வலியப் பேசிட்டு இருந்த புதன்கிழமையெல்லாம், என் மக கைய இவ புடிச்சிருக்கா! நான் நர்ஸும்மா. ஒரு நாளைக்கி பதினாறு பேரு ஒடம்பத் தொட்டுத் தொடச்சி விடுதேன். ஒரு புண்ணு ஒரு வீக்கம் என் கண்ணுக்குத் தப்பாது. என் பிள்ள ஒடம்புல ஒரு கட்டி, அத நான் மூணாம் மனுசி வாயால கேக்கணும், அதுவும் பதினோரு வெள்ளக்காரங்க முன்னால.

ஏன் சொல்லலன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுதா தெரியுமா? "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற அமலி"ங்கா. பழமொழி! எனக்கு! "அம்மாவுக்குத் தெரிஞ்சா அரை மணி நேரத்துல குரூப்புல வந்துரும் சித்தி, பெறவு அம்மா அழுவா, அம்மாவத் தேத்த நான் போவணும், எனக்கு இப்ப தெம்பு இல்ல"ன்னு ஜெனோவா சொன்னாளாம்.

குரூப்புன்னா எங்க தமிழ் ஜெபக் குழு. வாட்ஸப்புல இருநூத்தி நாப்பது பேரு. நான்தான் அட்மின். எதப் போட்டாலும் ஜெபத்துக்குத்தான போடுதேன், வேற என்னத்துக்கு? தெக்ளாவுக்கு மூணாவது தடவையும் கரு கலைஞ்சி போனப்ப, அன்னைக்கே போட்டேன், இன்ன ஆஸ்பத்திரி, இன்ன வார்டு, எல்லாரும் ஜெபிங்கன்னு. எத்தன பேரு ஜெபிச்சாங்க! எத்தன பேரு சாப்பாட்டோட நேர்ல போயி நின்னாங்க! அதுக்குப் போயி ரெண்டு மாசம் என்கிட்ட பேசாம இருந்தா. ஜெனோவா பரீச்சையில பெயிலாப் போனப்பவும் போட்டேன். அவளும் மூஞ்சியத் தூக்கிட்டுதான் இருந்தா. நல்லது செஞ்சா இந்தக் காலத்துல பொல்லாப்புதாம்மா.

மோரின் மட்டும் பதறிட்டே நிக்கா. "திருப்பிக் கட்டிரு, அமலி. ஒரு ஜெபம் சொல்லிக் கட்டிரு, பிரிஜித் அம்மா மன்னிச்சிருவா"ங்கா. தெக்ளாவும் கையெடுத்துக் கும்பிடுதா, "ஒன் வீம்ப என்கிட்ட காட்டு, அதுல காட்டாத, கட்டிரு"ன்னு. கட்ட மாட்டேன்னுட்டேன். மொதல்ல வீம்புதான், பொய் சொல்லப்படாது. அவ கட்டுனத நான் எதுக்குக் கட்டணும்னுதான் இருந்துச்சு. பெறவுதான் மோரின் சொன்னது மண்டையில ஏறுச்சு. அவுத்தவங்களுக்கு வந்துரும்.

அப்ப வரட்டும்னேன்.

இந்தா, இந்தக் கைக்குள்ள பாருங்க. ஸ்வெட்டருக்கு உள்ள மணிக்கட்டுல அந்தத் துணியத்தான் கட்டியிருக்கேன். இன்னும் ஈரம் காயல. மூடநம்பிக்கன்னு எனக்குத் தெரியாதா? நான் படிச்சவ, ஊசி போடுதவ. ஆனா பிள்ளைக்கிக் கட்டின்னா படிப்பு எங்கம்மா நிக்கி? கிறிஸ்துவுக்கு முந்தி உள்ள கெல்டிக்காரன் சொன்னதாவது பலிக்கட்டுமே. என் மக ஒடம்புல பட்ட துணி என் கையில இருக்கு. எடது பக்கமோ வலது பக்கமோ, எனக்கு வரட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ.

தெக்ளாவ வேன்ல ஏத்தி விட்டுட்டாங்க. நான் அவ கூட ஏற மாட்டேன், ஜெனோவாகிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்து இந்த பஸ்ஸப் புடிச்சேன். போறப்போ ஜன்னல்ல கைய வச்சிக்கிட்டு சொல்லுதா, "போ, தடுக்கல. ஆனா அவளாச் சொல்லுத வரைக்கும் நீ கேக்காத அமலி. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவளுக்கு சாஞ்சிக்கிட ஒரு ஆளும் இல்லாமப் போயிரும்"னு. பாருங்க அவ நெஞ்சழுத்தத்த! சாஞ்சிக்கிட தாய் நான் இருக்கேன், ஆளு இல்லாமப் போயிருமாமே! அவ காலும் கிழிஞ்சிதான் கெடந்துச்சு. மருந்து போடச் சொல்லல நான். எக்கேடும் கெடட்டும். சக்கர வேற இருக்கு மூதிக்கி, புண்ணு ஆறாது.

பாதி வழியில வருமே, அத்லோன் ஊரு, தாண்டிட்டா? தாண்டிட்டுல்லா.

இதப் பாருங்க. குரூப்புக்கு டைப் பண்ணி வச்சிருக்கேன். "என் அன்பு மகள் ஜெனோவாவுக்காக உருக்கமாக ஜெபிக்கவும்." ஆஸ்பத்திரி பேரு, செவ்வாக்கிழமை, எல்லாம் போட்டிருக்கேன். இந்தப் பச்சைய அமுக்குனா போதும், போயிரும். பஸ்ஸு ஏறுனதுல இருந்து வெரலு அது மேலதான் நிக்கி. இருநூத்தி நாப்பது பேரு ஜெபிச்சா சும்மாவா? ஊர்ல எங்க அக்காவும் இருக்கா அந்தக் குரூப்புல. நீங்க சொல்லுங்க, அனுப்பட்டா?

என்னது? "ஜெனோவாகிட்ட கேட்டியளா"ன்னா?

நல்லாருக்கே! நீங்களும் தெக்ளா கட்சியா? ஒரு மணி நேரமா வாயத் தொறக்காம இருந்துட்டு, தொறந்ததும் இதக் கேக்கிய. இல்ல, கோவம் இல்ல. சாப்பிடுங்க, சோறு ஆறிப் போச்சு. நான்தான் பேசிப் பேசி ஒங்கள சாப்பிட விடல. நீங்க எனக்கு யாரு, நான் ஒங்களுக்கு யாரு, ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தப் பிள்ள சொல்லக் கூடாதுன்னு சொன்னத. யாருகிட்டயும் சொல்லிராதிய, என்ன?

இருங்க. போனு. அவதான். ஏ மாதாவே, அவதான்.

ஏளா ஜெனோவா… ஆமா, முடிஞ்சிட்டு, மத்தியானமே… காலா? காலு இருக்கு… மழதான், வேற என்ன… பஸ்ஸுல. இல்ல, வீட்டுக்கு இல்ல, ஒன்கிட்டதான் வாரேன்… ஒண்ணுமில்ல, சும்மாதான். பசிக்கி. கஞ்சி வச்சி வையி, தொவையல் நான் வந்து அரைக்கேன்…

என்ன?… தெக்ளாவா? அவ ஒண்ணும் சொல்லலையே. என்ன சொல்லணும்? அவ கால்ல புண்ணு, வேன்ல போயிட்டா பாவம். நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்…

ஏளா… ஏளா, என்ன அழுதியா? இரு. போன வச்சிராத. வச்சிராத மக்கா. நான் ஒண்ணும் கேக்கல. நான் வாயே தொறக்கல. நீ சொல்லு.

ம்.

ம்… இருக்கேன், சொல்லு.

ம்.